கை சின்னது, பிடி பெரியது: 25 மீட்டருக்கு எந்த .22 பிஸ்டல்?

கேள்வி:

மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலக்கைப் பழக்கம். என் கை சிறியது, விரல்களும் குட்டை. இப்போது 25 மீட்டர் பிஸ்டலுக்கு மாறியிருக்கிறேன். கிளப்பில் இருக்கும் பழைய .22 (0.22 அங்குலக் குண்டு) பிஸ்டலில்தான் பயிற்சி. அதில் பிடிக்குள்ளேயே மேகஸின் (தோட்டாப் பெட்டி) போட வேண்டும். நிதானமாகச் சுடும் பகுதியில் குரூப்பிங் (குண்டுகள் விழும் கூட்டம்) நடுவில் விழுகிறது. மூன்று விநாடித் தொடர் வந்தாலோ எல்லாம் இடப்பக்கம் கீழே போய்விடுகிறது. குறிபார்க்கும் சைட்டின் ஸ்குருவைத் திருப்பிப் பார்த்தேன். நிதானப் பகுதியும் கெட்டதுதான் மிச்சம். சொந்தமாக ஒன்று வாங்கலாமென்றால், ஒரு நண்பர் ரூகர் மார்க் 4 போதும் என்கிறார். இன்னொருவர் பார்டினியைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். கிளப் சீனியர் ஒருவர் தன்னுடைய பார்டினி எஸ்.பி.யை மீடியம் சைஸ் பிடியோடு கொடுக்கத் தயார். பிடி பெரிதாக இருக்கிறதே என்றால், "கை தானா பழகிடும்மா" என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்:

பிராண்ட் பெயர்களைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. நிதானமாகச் சுட்டால் நடுவில், மூன்று விநாடியில் சுட்டால் இடப்பக்கம் கீழே என்கிறீர்களே, எந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதற்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஏர் பிஸ்டலில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். 25 மீட்டரின் முதல் 30 குண்டும் அப்படித்தான், 5 குண்டுக்கு 5 நிமிடம். கையைத் தூக்கியதும் முன் சைட் கொஞ்சம் விலகி நின்றால், மணிக்கட்டை லேசாக வளைத்துப் பின் சைட்டின் பள்ளத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறீர்கள். அப்படிச் செய்கிறோம் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. அடுத்த 30 குண்டு அப்படியில்லை. கை 45 பாகைக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. 3 விநாடி டார்கெட் தெரியும், ஒரு குண்டு, கையை இறக்கு, 7 விநாடி காத்திரு, மறுபடி தூக்கு. இதில் திருத்த ஏது நேரம்? கை துப்பாக்கியை எப்படிக் கொண்டுவந்து நிறுத்துகிறதோ அப்படியே டிரிகரை இழுக்க வேண்டியதுதான். பிடி பொருந்தாத குறையை நிதானப் பகுதியில் உங்கள் மணிக்கட்டு மூடி மறைத்துக்கொண்டிருந்தது. விரைவுப் பகுதியில் அதற்கு வாய்ப்பில்லை. சைட்டைத் திருப்பியது பலிக்காததும் இதனால்தான். சைட்டில் கோளாறே இல்லை.

இந்த விலகல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மீட்டர் ரிம்ஃபயர் (.22 அந்த வகைதான்) போட்டித் துப்பாக்கியில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே அதிகபட்சம் 220 மி.மீ. இருக்கலாம். முன் சைட் பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மி.மீ. நகர்ந்தால், 25 மீட்டர் தள்ளி அது ஏறக்குறைய 114 மி.மீ. ஆகிறது. நிதானப் பகுதி டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மி.மீ., அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 25 மி.மீ. ஆக, பத்துக்குப் போக வேண்டியது ஆறில் விழும். அதே அளவுக்குத் துப்பாக்கியைக் குறியிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தினால், சைட்டுகள் தமக்குள் நேராக இருக்கும்வரை, டார்கெட்டிலும் 1 மி.மீ.தான் நகரும். கை ஆடுவது பெரிய குற்றமில்லை, சைட் சாய்வதுதான் குற்றம் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். சைட் நேராக வருமா சாய்ந்து வருமா என்பதை முதலில் தீர்மானிப்பது பிடி.

ஆனாலும் பழி முழுவதையும் பிடியின் மேல் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இடப்பக்கம் கீழே என்பது, வெடிக்கப் போகிறது என்று எதிர்பார்த்துக் கை மொத்தமாக இறுகுவதாலும் வரும். பயிற்சியாளரையோ தோழியையோ மேகஸினை நிரப்பச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது ஒன்றிரண்டு வெடிக்காத .22 டம்மி தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்துவிடட்டும். டம்மி வந்து 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும்போது துப்பாக்கி முனை கீழே குத்தினால், அது பிடிக் கோளாறு இல்லை, பயம். எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் அது கூடவே வரும், அதற்கு வேறு பயிற்சி வேண்டும். முனை அசையாமல் நின்று, குண்டுகள் மட்டும் இடப்பக்கம் போனால் தொடர்ந்து படியுங்கள். மூன்று வருடம் ஏர் பிஸ்டல் சுட்டவர் என்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி கிளப் துப்பாக்கி. அது ஏன் உங்கள் கைக்குள் அடங்கவில்லை என்பதற்குக் காரணம் தோட்டாவிலேயே இருக்கிறது. .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887ல் வந்தது, இன்றுவரை அதே அளவுதான். நுனியிலிருந்து விளிம்புவரை சுமார் 25 மி.மீ. நீளம். மேகஸின் பிடிக்குள் போவதென்றால் இந்த 25 மி.மீ. பிடிக்குள் முன்பின்னாகப் படுத்தாக வேண்டும். அதன்மேல் மேகஸினின் தகடு, அதன்மேல் துப்பாக்கியின் இரும்புச் சட்டம். எவ்வளவு சிறிய கைக்காகச் செய்தாலும் பிடியின் முன்பின் அளவு அதற்குக் கீழே குறையாது. பக்கவாட்டுப் பலகைகளைச் சீவி மெலிதாக்கலாம், முன்பின்னாக ஒன்றும் செய்ய முடியாது. குட்டை விரல்காரருக்குத் தடையாக நிற்பதும் அந்த முன்பின் அளவுதான். உள்ளங்கைப் பள்ளத்திலிருந்து டிரிகர்வரை உள்ள தூரத்தை அதுதான் முடிவு செய்கிறது.

அந்தத் தூரம் எட்டாதபோது கை என்ன செய்யும் தெரியுமா? பிடியைச் சுற்றிக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துகொள்ளும், விரலாவது எட்டட்டும் என்று. அப்போது பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்காது. துப்பாக்கியின் முதுகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வில் உட்காராமல் கட்டைவிரல் அடிமூட்டில் உட்காரும். அப்படி நகர்ந்தும் டிரிகரில் விரலின் முதல் கணுச் சதை படியாது, நுனி மட்டும்தான் தொடும். நுனியால் நேர் பின்னால் இழுப்பது கடினம். வலக்கைக்காரர் என்றால் அது இடப்பக்கம் தள்ளும். ஏர் பிஸ்டலில் டிரிகர் எடை (அதை இழுக்கத் தேவையான பலம்) 500 கிராம் இருந்தால் போதும், அங்கே இந்தத் தள்ளல் பெரிதாகத் தெரியாது. 25 மீட்டர் ரிம்ஃபயரில் குறைந்தபட்சம் 1000 கிராம் இருக்க வேண்டும். இழுக்கும் பலம் இரட்டிப்பாகிறது, பக்கவாட்டில் தள்ளுவதும் அதோடு கூடுகிறது. உங்கள் குண்டுகள் இடப்பக்கம் போவதற்கு இதுவே போதும்.

கீழே போவதற்குக் காரணம் பிடியின் சாய்வு என்று நினைக்கிறேன். நவீன ஏர் பிஸ்டல்களின் பிடி நன்றாகப் பின்சாய்ந்தது. மூன்று வருடமாக உங்கள் மணிக்கட்டு அந்தச் சாய்வில் பூட்டிக்கொள்ளப் பழகியிருக்கிறது. நேராக நிற்கும் பிடியுள்ள துப்பாக்கியை அதே மணிக்கட்டோடு தூக்கினால் முனை தாழ்ந்துதான் வரும். நேரான பிடியுள்ள கோல்ட் 1911 பிஸ்டலில் பழகியவர்கள் சாய்ந்த பிடியுள்ள லூகரைத் தூக்கினால் இதற்கு நேர்மாறாக முனை மேலே நிற்கும். இரண்டில் எது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. உங்கள் மணிக்கட்டு எங்கே சிரமமில்லாமல் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான சாய்வு.

"கை தானா பழகிடும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மீடியம் சைஸ் கைக்காரர்கள். கை பழகும், அதில் சந்தேகமில்லை. ஹங்கேரியின் காரொலி தகாச்சுக்கு 1938ல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நரம்பும் தசையும் எதையும் கற்றுக்கொள்ளும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் அவர் கற்றது வேறொரு கையால் சுட. எந்தப் பயிற்சியும் விரல் எலும்பை அரை அங்குலம் நீட்டித் தராது. அளவு பெரிய செருப்போடு ஓடிப் பழகலாம்தான், கால் பழகிக்கொள்வது செருப்பை விடாமல் கவ்விக்கொண்டு ஓட. பெரிய பிடியில் கையும் அப்படித்தான், சுடுவதோடு சேர்த்து ஒரு கோணலையும் பழகிவிடும். பிறகு சரியான பிடி கிடைத்தாலும் அந்தக் கோணலைக் கழற்ற மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே துப்பாக்கியைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் கையை அளக்கலாம். அளவுகோல் உங்களிடமே இருக்கிறது: மூன்று வருடமாக உங்கள் கையில் உட்காரும் ஏர் பிஸ்டல். அதன் பிடி உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் (பொருந்துகிறதா என்று எழுதவில்லை, குறை சொல்லாததால் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்கிறேன்) அதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, கட்டைவிரல் சவ்வு உட்காரும் பள்ளத்தின் ஆழமான இடத்திலிருந்து டிரிகரின் முகம்வரை எத்தனை மி.மீ. டிரிகரின் முதல் இழுப்பு முடிந்து இரண்டாவது தடை தட்டும் இடத்தில் வைத்து அளந்தால் இன்னும் துல்லியம், விரல் வேலை செய்வது அங்கேதான். இரண்டாவது சாய்வு. துப்பாக்கியை ஒரு பெரிய தாளில் பக்கவாட்டில் படுக்க வைத்து, பேரல் கோட்டையும் பிடியின் முன் விளிம்பையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். வாங்கப் போகும் .22வை அதே தாளில் வைத்துப் பார்த்தால், கடைக்காரரோ சீனியரோ சொல்வதைவிடத் தெளிவாக அந்தத் தாள் சொல்லிவிடும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் துப்பாக்கி வாங்குபவர்கள்தான் அதிகம். பிறகு டிரிகர் எடையில் குறை, தோட்டாவில் குறை என்று வருடக்கணக்கில் சுற்றுவார்கள்.

அடுத்தது கையில் எடுத்துப் பார்ப்பது. ரேஞ்சில், அனுமதியோடு, மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான். இடக்கையால் பேரல் பக்கம் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை வலக்கைக்குள் தள்ளி உட்கார வையுங்கள். சவ்வு எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே போகட்டும். நடுவிரலும் மோதிர விரலும் பிடியின் முன்பக்கத்தை நேர் பின்னால் அழுத்த வேண்டும். அழுத்தம் விரலின் நடுக்கணுவில் இருக்க வேண்டும், நுனியில் இருக்கக் கூடாது. நுனிகள் உள்ளங்கையைக் குத்தினால் பிடி உங்களுக்குச் சிறியது. நடுக்கணு முன்பக்கத்துக்கு வராமல் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டால் பெரியது. சுண்டு விரல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். அது இறுகினால் முனை கீழே இழுக்கும். கட்டைவிரலும் படுத்திருக்கத்தான், அழுத்த அல்ல. ஆள்காட்டி விரல் டிரிகரைத் தவிர வேறெங்கும் படக் கூடாது. அந்த விரலுக்கும் பிடியின் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பக்கத்திலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தை உரசிக்கொண்டு போகும் விரல், இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்தே நகர்த்தும். குட்டை விரல்காரர்களிடம் இது மிகச் சாதாரணம்.

இப்போது கையை 45 பாகைக்குத் தாழ்த்துங்கள். கண்ணை மூடுங்கள். விரைவுத் தொடரில் தூக்குவதுபோலவே தூக்கி நிறுத்தி, கண்ணைத் திறந்து சைட்டை மட்டும் பாருங்கள். டார்கெட் இப்போது தேவையில்லை. முன் சைட் பள்ளத்தின் நடுவில், மேல் விளிம்புகள் சமமாக நிற்கிறதா? தாழ்ந்து நின்றால் பிடி உங்களுக்கு நேராக இருக்கிறது, உயர்ந்து நின்றால் அதிகம் சாய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் விலகினால் பிடியின் தடிமன் கையைத் திருகுகிறது. ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிடியை விட்டு, மறுபடி பிடித்து, திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் அந்தப் பிடி உங்கள் கைக்கு ஒரே மாதிரி உட்காரவில்லை. நேராக நின்றாலும் ஆபத்து, அடுத்த முறை நிற்காது. எப்போதும் ஒரே இடத்தில், ஆனால் கொஞ்சம் விலகி நிற்கும் பிடிதான் நல்லது. அந்த விலகலை மரவேலையால் சரி செய்துவிடலாம்.

அளவும் சோதனையும் கையில் இருந்தால் பிராண்ட் சண்டை பாதி அடங்கிவிடும். ரூகர் மார்க் வரிசை 1949லிருந்து வருகிறது. உழைக்கும், எளிதில் கழற்றிச் சுத்தம் செய்யலாம். மார்க் 4ல் பின்னால் ஒரு பட்டனை அழுத்தினால் மேல்பாகம் தனியாக வந்துவிடும், பழைய மார்க்குகளைக் கழற்றி மாட்டித் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதன் வழக்கமான பிடி லூகரைப் போலச் சாய்ந்தது, 22/45 என்ற வகையின் பிடி கோல்ட் 1911ன் கோணத்தில் நேரானது. உங்கள் ஏர் பிஸ்டல் மணிக்கட்டுக்கு முதலாவது ஓரளவு ஒத்துப்போகும், இரண்டாவது ஒத்துவராது. நண்பர் எதை மனதில் வைத்துச் சொன்னாரோ தெரியவில்லை, ரூகர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பிடிகள் இருக்கின்றன. ஆனால் சாய்வு எதுவானாலும் மேகஸின் பிடிக்குள்தான், பிரௌனிங் பக் மார்க்கிலும் ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41லும் அப்படியே. அந்த 25 மி.மீ. தோட்டா அங்கேயும் உங்கள் வழியில் நிற்கும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதியையும் பார்க்க வேண்டும்: பேரல் 153 மி.மீ. தாண்டக் கூடாது, துப்பாக்கி முழுதும் 300 x 150 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1400 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மார்க் 4 காம்பெட்டிஷன் மாடலின் 6.88 அங்குல பேரல் சுமார் 175 மி.மீ., ஆகவே அது 25 மீட்டர் பிஸ்டலுக்கு ஆகாது. இரண்டு கையாலும் சுடும் போட்டிகளுக்கும் போக ஆசை என்றால் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கைக்கு அச்செடுத்ததுபோலச் செதுக்கிய மரப்பிடியில் இரண்டாவது கைக்கு இடமே இருக்காது. 25 மீட்டர் ஒற்றைக்கைப் போட்டிதான் குறி என்றால் ரூகர் வேண்டாம் என்பேன்.

பார்டினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி., மொரினி சி.எம். 22, பெனெல்லி எம்.பி. 90, ஃபைன்வெர்க்பாவ் ஏ.டபிள்யூ. 93 எல்லாம் வேறு ஜாதி. இவற்றில் மேகஸின் டிரிகருக்கு முன்னால் போகிறது, பிடிக்குள் எதுவும் இல்லை. உள்ளே ஒரு சிறிய இரும்புத் தண்டு, மீதியெல்லாம் மரம். எந்தச் சாய்விலும் எந்த அளவிலும் பிடியைச் செதுக்க முடிவது இதனால்தான். பேரலும் கைக்கு வெகு அருகில் தாழ்வாக அமைகிறது, சுட்டபின் முனை குறைவாக எகிறும், விரைவுத் தொடர்களில் அது உதவும். ஆக, உங்கள் இரண்டாவது நண்பர் சொல்லும் திசை சரி. பார்டினி 'மட்டும்' என்பதுதான் மிகை. கிளப்பில் யாரிடமாவது வால்தரோ மொரினியோ இருந்தால் அந்தத் தாளையும் கண்மூடிச் சோதனையையும் அதிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். துப்பாக்கி எடையின் சமநிலை கைக்குக் கை வேறுபடும். முனை கனத்த துப்பாக்கி அசையாமல் நிற்கும், ஆனால் முப்பதாவது முறை தூக்கும்போது தோள் கேள்வி கேட்கும்.

சீனியரின் துப்பாக்கியை வாங்குங்கள், அந்த மீடியம் பிடியோடு சுடாதீர்கள். இதுதான் உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில். பிடி தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. அந்தத் துப்பாக்கிக்கு ஸ்மால் சைஸ் வலக்கைப் பிடி கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள், கம்பெனியே தருவதும் உண்டு, பிடி மட்டும் செய்கிறவர்களும் உண்டு. சைஸ் எழுத்தை நம்ப வேண்டாம், ஒருவருடைய ஸ்மால் இன்னொருவருடைய மீடியம். விரல் கணுக்களுக்குக் குறுக்கே உள்ளங்கையின் அகலத்தை அளந்தும், கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தும் அனுப்புங்கள். மீடியத்தையே சீவிச் சின்னதாக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பெரிது என்றால் முடியும். ஆனால் சவ்வு உட்காரும் பள்ளத்தைத் தோண்டத் தோண்ட உள்ளே இரும்பு எட்டிப் பார்க்கும் வகைகளும் இருக்கின்றன. முதலில் கழற்றி, உள்ளே மரம் எவ்வளவு கனம் என்று பாருங்கள்.

டிரிகரையும் மறக்காதீர்கள். இந்த வகைத் துப்பாக்கிகளில் டிரிகர் முகத்தை முன்பின் நகர்த்தலாம். உங்கள் ஏர் பிஸ்டலில் அளந்த மி.மீ. இங்கேதான் பயன்படும். முடிந்தவரை பின்னால் தள்ளி வைத்து அந்த அளவு வருகிறதா பாருங்கள். ஸ்மால் பிடியும் பின் தள்ளிய டிரிகரும் சேர்ந்தும் எட்டவில்லை என்றால் வேறு துப்பாக்கி பார்க்க வேண்டியதுதான், பேரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். டிரிகர் எடையை 1000 கிராம் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். சரியாக 1000ல் நிறுத்தாமல் ஒரு துளி கூடுதலாக வைத்துக்கொண்டால் போட்டியன்று சோதனை மேஜையின் முன் வியர்க்காது.

ஸ்மால் பிடி வந்ததும் அதுவும் கச்சிதமாக உட்காராது. கவலை வேண்டாம், யாருக்கும் உட்காராது. கையில் சாக்பீஸ் தூளைத் தடவிப் பிடித்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள். தூள் ஒட்டிய இடம் தொடுகிறது, ஒட்டாத இடம் காலி. அழுத்தும் இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்து, சில நாள் சுட்டுப் பார்த்து, அதன் பிறகு காலியான இடத்தை மர எபாக்ஸி மாவால் நிரப்புங்கள். நிரப்பும்போது கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பிடித்தால் அச்சு அப்படியே பதியும், தோலும் தப்பும். ஒரு தடவைக்கு ஒரு இடம் மட்டும். ஐந்து இடத்தை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். இந்த வேலையை விடியற்காலைக் குளிரில் செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் சுடும் நேரத்தில், கொஞ்சம் சுட்டுக் கை சூடேறிய பிறகு செய்யுங்கள். சூட்டில் கை உப்பும், குளிரில் சுருங்கும். கீழே உள்ளங்கையைத் தாங்கும் பலகையைப் பெரும்பாலானவர்கள் இறுக்கி வைப்பது குளிர்ந்த கையோடுதான், அரைமணி நேரம் கழித்து அது கையை மேலே நெம்பிக்கொண்டிருக்கும். பலகை தொட்டால் போதும், கவ்வக் கூடாது.

மாவு வேலையில் உற்சாகம் வந்தால் விதி ஞாபகத்தில் இருக்கட்டும். 25 மீட்டர் ரிம்ஃபயரில் பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. உள்ளங்கைத் தாங்கி பிடிக்கு 90 பாகைக்குக் குறையாமல் நீண்டிருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழும்ப வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. கையை மூடியபடி இருக்கும் அழகான பிடிகளைப் படத்தில் பார்த்து மயங்குவார்கள். அவை பெரும்பாலும் 50 மீட்டர் பிஸ்டலுக்கு உரியவை, அந்த விதிகள் வேறு.

இன்னொரு எச்சரிக்கை, ஏர் பிஸ்டலிலிருந்து வருகிறவர்களுக்கு. டிரை ஃபயர் (குண்டு இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) உங்களுக்கு மூச்சு மாதிரி ஆகியிருக்கும். ரிம்ஃபயரில் வெடிமருந்துக் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, சுத்தியல் முள் அடிப்பதும் விளிம்பைத்தான். சேம்பரில் ஒன்றும் இல்லாதபோது அந்த முள் பல துப்பாக்கிகளில் சேம்பர் வாயின் இரும்பையே கொத்தும். கொத்தக் கொத்த அங்கே பள்ளம் விழுந்து, காலித்தோட்டா வெளியே வரச் சண்டித்தனம் செய்யும். பல போட்டித் துப்பாக்கிகளில் டிரை ஃபயருக்கென்றே ஒரு அமைப்பு உண்டு, சீனியரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் டம்மி தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள். அவர் எப்படிப் பழகினார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், சேம்பர் வாயில் ஒரு சிறு டார்ச் அடித்துப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். அங்கே ஆழமான குழி இருந்தால் விலை பேசும்போது சொல்லுங்கள். மேகஸினின் மேல் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிக்கிக்கொண்ட தோட்டாக்களுக்குப் பெரும்பாலும் காரணம் அவைதான்.

உரிமமும் பதிவும் உங்கள் ஊர்ச் சட்டப்படி, கிளப் செயலாளர் வழியாக. அது முடியும்வரை பயிற்சிக்குக் கிளப் துப்பாக்கிதான் கதி என்றால், அதன் பக்கப் பலகைகளை மெலிதான ஜோடியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முன்பின் அளவு குறையாது, சுற்றளவாவது குறையும். அதுவரை விரைவுத் தொடர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிதானப் பகுதியை நிறையச் சுடுங்கள். சைட்டை மட்டும் அது முன்பு இருந்த இடத்துக்கே திருப்பி வைத்துவிடுங்கள். புதுப் பிடியோடு கண்மூடிச் சோதனை ஒரே இடத்தில் நிற்கும்வரை அந்த ஸ்குருவுக்கு வேலையில்லை.